முதுகுத் தண்டில் அடிபட்ட பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004-ஆம் வருடம் என் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். இருட்டில் வேகத்தடை தெரியவில்லை, தூக்கி எறியப்பட்டேன். முதுகெலும்பின் மார்புப் பகுதியில் பத்தாவது எலும்பு உடைந்து, உள்ளே ஓடும் நரம்புத் தண்டான தண்டுவடம் நசுங்கிவிட்டது. அன்றிலிருந்து தொப்புளுக்குக் கீழே எனக்கு அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. அப்போது எனக்கு வயது இருபத்தாறு, மகளுக்கு மூன்று.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சில வருடங்கள் கழித்து, புதிதாக அடிபட்டவர்களின் வீட்டாரிடம் என் நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் தவறி விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார், விபத்தில் சிக்கிய கல்லூரிப் பையன் என்று பலருடைய வீடுகளிலிருந்தும் பேசுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் இங்கே வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உடம்பு பற்றி இதில் உள்ளவை டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் கற்று, இருபது வருடமாக நான் கடைப்பிடிப்பவை.

"அக்கா, அவருக்கு எப்ப நடக்க வரும்? ஒருத்தர் மூணு மாசங்கிறாரு, ஒருத்தர் ஒரு வருசங்கிறாரு."

அடிபட்ட முதல் சில வாரம் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும். அப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது விலகியதும் டாக்டர் உடம்பு முழுக்கச் சோதித்துவிட்டு, ஆசனவாய்ப் பகுதியிலும் தொட்டுப் பார்ப்பார். அங்கே உணர்வோ, தானாக இறுக்கும் சக்தியோ இருந்தால் நரம்பு வழி கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு நல்ல முன்னேற்றம் வரும். எதுவுமே இல்லை என்றால் அது முழுமையான காயம், நடை திரும்புவது மிக அரிது. வருகிற முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். உங்கள் டாக்டரிடம் "காயம் முழுமையானதா, இல்லையா?" என்று நேராகக் கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அடிபட்டவருக்கு இருக்கிறது.

இதை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நசுங்கிப்போன தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை கிடையாது. எண்ணெய், கட்டு, ஊசி, ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். எனக்காக என் அப்பா அரை ஏக்கர் வயலை விற்று அப்படி ஓர் இடத்தில் கொட்டினார். அந்தப் பணம் நல்ல சக்கர நாற்காலிக்கும் வீட்டு வாசலை அகலமாக்கவும் போயிருந்தால், என் வாழ்க்கை இன்னும் முன்னாலேயே தொடங்கியிருக்கும்.

"கழுத்துல அடின்னா வேற, முதுகுல அடின்னா வேறயா?"

ஆமாம். கழுத்து எலும்புப் பகுதியில் பட்டால் இரண்டு கை, இரண்டு கால் எல்லாமே பாதிக்கும். அதற்குக் கீழே பட்டால் கைகள் தப்பித்துவிடும், உடம்பும் கால்களும் பாதிக்கும். எந்த எலும்பு என்ற எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல பதில்களுக்கு அந்த எண் வேண்டும்.

"கால் தானா துள்ளுதுக்கா! நரம்பு திரும்புதுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க."

இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் இருக்கும் மகிழ்ச்சியைக் கேட்டுவிட்டு உண்மையைச் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தத் துள்ளல் மூளை சொல்லி வருவதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் தானாகவே செய்வது. முதல் பதிலில் சொன்ன அதிர்ச்சி விலகும்போது இது தொடங்கும். தினமும் கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்தால் கட்டுக்குள் இருக்கும், தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

திடீரென்று வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளினால் கவனியுங்கள். எங்கோ புண்ணோ, சிறுநீரில் கிருமியோ, மலச்சிக்கலோ இருக்கலாம். வலியை உணர முடியாத உடம்பு இப்படித்தான் சொல்லி அனுப்பும்.

"படுக்கைப் புண் எல்லாருக்கும் வரும்தானே? மருந்து போட்டா ஆறிடுமா?"

எல்லாருக்கும் வர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் வரை, தண்டுவடம் போனவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களிலோ ஓரிரு வருடத்திலோ இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது புண்ணும் சிறுநீர்க் கிருமியும்தான். லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் டாக்டர், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்துக்குப் போன யூதர், 1944-இல் ஸ்டோக் மான்டெவில் ஆஸ்பத்திரியில் அடிபட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார். அங்கே அவர் செய்த பெரிய வேலை, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் திருப்பிப் படுக்க வைத்தது. ஆட்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களை அவர் சும்மா விடவில்லை, விளையாட வைத்தார். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று அந்த ஆஸ்பத்திரித் தோட்டத்தில் 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில் எய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

நம் வீட்டிலும் அதே முறைதான். படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நாற்காலியில் கால் மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்ப வேண்டும், அல்லது முன்னாலும் பக்கவாட்டிலும் சாய வேண்டும். காற்று அல்லது ஜெல் நிரப்பிய மெத்தை இல்லாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. காலையும் இரவும் கைக்கண்ணாடி வைத்துப் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பாக ஒரு இடம் இருந்து, அழுத்தம் எடுத்த பிறகும் அது மறையவில்லை என்றால், மறையும்வரை அந்த இடத்தில் பாரம் படக் கூடாது. கல்யாணமோ பரீட்சையோ எதுவாக இருந்தாலும் படுத்துத்தான் ஆக வேண்டும். முதல் வருடம் நான் இதைப் பொருட்படுத்தாமல் இருந்து, வால் எலும்பில் குழி விழுந்து, எட்டு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். மருந்து மட்டும் போட்டால் ஆறாது, அந்த இடத்தில் பாரம் படாமல் இருந்தால்தான் ஆறும்.

அப்புறம், சூடு. சுடுசோற்றுப் பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள். வெந்துபோனது தெரியவே தெரியாது.

"காலம் பூரா யூரின் டியூபோடதான் இருக்கணுமா? வெளிய வாசலுக்கு எப்படிப் போறது?"

பலருக்கு நிரந்தர டியூபே வேண்டாம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கையை நன்றாகக் கழுவிவிட்டு மெல்லிய குழாயை நாமே விட்டு, சிறுநீரை முழுதாக எடுத்துவிட்டுக் குழாயை வெளியே எடுத்துவிடலாம். சிறுநீர்ப்பையில் ஒருமுறைக்கு 400, 500 மில்லிக்கு மேல் சேரவிடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கைகள் நன்றாக இருந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பெண்களுக்கு முதலில் கண்ணாடி தேவைப்படும், பிறகு விரலே இடத்தைச் சொல்லும். கழுத்தில் அடிபட்டவர்களுக்கு வேறு வழிகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கு உலகத்தைத் திருப்பிக் கொடுத்தது இந்தக் குழாய்தான். பஸ்ஸில், கோயிலில், மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் துணி நனையுமோ என்ற பயம் இல்லாமல் உட்கார முடிந்தது. பயத்தில் தண்ணீர் குடிப்பதை மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் கலங்கலாகவோ நாற்றமாகவோ வந்து காய்ச்சலும் அடித்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன் எடுங்கள்.

"மோஷன் விசயம் கேக்கவே கூச்சமா இருக்கு..."

கேளுங்கள், எல்லாருக்கும் உள்ளதுதான். தினமும் அல்லது ஒன்றுவிட்ட நாள், அதே நேரத்தில் பழக்குங்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டு, சூடாக டீ குடித்த அரை மணிக்குள் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் உட்கார வைத்து, கையுறை போட்டு எண்ணெய் தொட்ட விரலால் ஆசனவாயை மெதுவாகத் தூண்ட வேண்டும். நர்ஸ் ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு அந்த நேரத்துக்குப் பழகும்.

"கழுத்துல அடிபட்ட தம்பிக்குத் திடீர்னு தலை வெடிக்கிற மாதிரி வலிக்குது, மூஞ்சி வேர்க்குது. காய்ச்சலா?"

காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். முதுகெலும்பின் மார்புப் பகுதியில் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறுகிறது. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைத் தொங்கவிடுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். சரியாகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லா டாக்டர்களுக்கும் இது பழக்கமாக இருக்காது. அதனால் தம்பியின் எலும்பு எண்ணையும் இந்த அறிகுறிகளையும் ஒரு தாளில் எழுதி நாற்காலியிலேயே கட்டி வையுங்கள்.

"வீட்ல என்ன மாத்தணும்? எங்களுக்கு ரெண்டு ரூம்தான்."

வாசல், கழிப்பறை, அடுப்பு. இந்த வரிசையில் செய்யுங்கள். படிக்குப் பதில் சாய்வுதளம்: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தனியாக ஏற முடியாது. கழிப்பறைக் கதவு நாற்காலி நுழையும் அகலம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். அடுப்பை என் மாமியார்தான் தாழ்வாக வைக்கச் சொன்னார். "அவ கையால காபி குடிச்சு ஒரு வருசமாச்சு" என்று கொத்தனாரிடம் அவர் சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். இன்றும் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்கும்.

"சம்பாத்தியத்துக்கு என்ன பண்றது? கவர்மெண்ட் எதும் தருமா?"

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் வாங்குங்கள். எல்லாக் கதவும் அதற்குப் பிறகுதான் திறக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, பேட்டரி சக்கர நாற்காலி, பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு விண்ணப்பம் வாங்கலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. படிக்கிற வயதில் அடிபட்ட பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாதீர்கள்.

நான் முதலில் மறுபடி எடுத்தது பீடித் தட்டைத்தான். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த தொழில், கை மட்டும் போதும். வாரக் கூலியை மகள் கையில் கொடுத்த அன்று நான் மறுபடி அம்மாவானேன் என்று நினைத்தேன். ஆனால் மும்முரமாகச் சுற்றும்போது எழும்ப மறந்துபோகும், புண் பயம் வந்தது. அதனால் டியூஷனுக்கு மாறினேன். இப்போது பதினெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்.

"கல்யாணம், குழந்தையெல்லாம் இனி...?"

பெண்களுக்கு அடிபட்ட சில மாதம் மாதவிடாய் நின்று, பிறகு பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். கருத்தரிக்கும் திறன் போகாது. எனக்கு இரண்டாவதாக மகன் 2009-இல் பிறந்தான். பிரசவ வலி சரியாகத் தெரியாது என்பதால் கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொன்னார்கள். மேலே சொன்ன ரத்த அழுத்த ஆபத்து உள்ளவர்கள் அதைத் தெரிந்த டாக்டரிடம்தான் போக வேண்டும். ஆண்களுக்குக் குழந்தை பெற மருத்துவ உதவி தேவைப்படலாம், வழிகள் இருக்கின்றன. தாம்பத்யம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து டாக்டரிடம் கேளுங்கள். தொடுதலுக்கு மிச்சமிருக்கும் இடங்கள் நிறைய என்பதை நாங்கள் இருவரும் மெதுவாகத்தான் கண்டுகொண்டோம்.

"நிசமாவே நல்லாத்தான் இருக்கீங்களா, இல்ல எங்க மனசு தேறணும்னு சொல்றீங்களா?"

நிஜமாகத்தான். 1978-இல் அமெரிக்காவில் பிலிப் பிரிக்மன் என்பவரும் அவர் கூட்டாளிகளும், லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரையும் விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் பேட்டி கண்டார்கள். செயலிழந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மகிழ்ச்சியில் இருந்தார்கள். ஆனால் ஊரார் நினைப்பதுபோல் அடிமட்டத்தில் இல்லை, பாதி அளவுக்கு மேலேயே இருந்தார்கள். லாட்டரி வென்றவர்களுக்கோ அன்றாடச் சின்னச் சந்தோஷங்கள் குறைந்துபோயிருந்தன. சின்ன ஆய்வுதான், ஆனாலும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

ஒன்றை மறைக்க மாட்டேன். முதல் இரண்டு வருடம் நான் நன்றாக இல்லை. புண் ஆறி, சிறுநீர் கட்டுக்குள் வந்து, கையில் ஒரு வேலை கிடைத்த பிறகுதான் மனசு எழுந்தது. அதனால்தான் மனசைப் பற்றிய இந்தக் கேள்வியை இவ்வளவு பின்னால் வைத்தேன்.

"எதுக்கு நன்றி சொல்லணும்? கடவுள் காலை எடுத்ததுக்கா?"

விபத்துக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன். முன்வினை என்று சொல்பவர்களுக்கு என் பதில், அந்த வேகத்தடையில் வெள்ளைக் கோடு இல்லை என்பதுதான். என் நன்றிக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எட்டு மாதம் இரவெல்லாம் அலாரம் வைத்துத் திருப்பிப் போட்ட கணவர், குழாய் விடக் கற்றுத்தந்த நர்ஸ், அடுப்பைத் தாழ்த்தச் சொன்ன மாமியார்.

எங்கள் தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்காக அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்து எடுத்தது. நன்றி என்றால் எனக்கு நினைவு வருவது அந்தப் பெயர்தான். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸும் இப்படித்தான். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில்தான் வளர்ந்தது. நம்மைப்போன்றவர்கள் உட்காரக் கற்றுக்கொள்ளும் வழி இந்த நாட்டில் அப்படித்தான் திறந்தது.

"எல்லாரும் எனக்கே செஞ்சிட்டு இருக்காங்க. நான் பாரம்தானேக்கா?"

இதை அடிபட்டவர்களே, வீட்டார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்பார்கள். உடம்புக்கு ஆள் வேண்டியிருக்கிறது, அது உண்மை. ஆனால் நாள் முழுக்க "மன்னிச்சுக்கோ", "ரொம்ப நன்றி" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் வீட்டில் யாருக்கும் மூச்சு விட முடியாது. நான் அதைச் செய்து பார்த்தேன். என் கணவர் ஒருநாள், "நீ முன்ன மாதிரி என்கூட சண்டை போடவே மாட்டேங்கிற" என்று அழுதார். அன்றைக்கு எனக்குப் புரிந்தது. வீட்டில் உங்களுக்கென்று ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கை அசையாதவர்கள்கூட வீட்டுக் கணக்கு, பிள்ளைகள் பாடம், போனில் பேசி முடிக்கும் வேலைகள் என்று எடுத்துச் செய்கிறார்கள்.

"அப்ப நன்றியோட இருக்கணும்னா ரேம்ப், பஸ்ஸெல்லாம் கேட்டுச் சண்டை போடக் கூடாதா?"

போட வேண்டும். வங்கி வாசலில் நான்கு பேர் என்னைத் தூக்கி விட்டால் அந்த நான்கு பேருக்கும் மனதார நன்றி சொல்வேன். சொல்லிவிட்டு உள்ளே போய் மேலாளரிடம் சாய்வுதளம் கேட்டு மனு கொடுப்பேன். தூக்கும்போது கீழே போட்டால் இருக்கிற எலும்பும் போய்விடும். நன்றி மனிதர்களுக்கு, மனு படிக்கட்டுக்கு.

"எனக்குச் சாகணும்போல இருக்குக்கா."

எனக்கும் இருந்தது. இதை ரகசியமாக வைக்காதீர்கள், இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசு உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. வீட்டார் கேட்டால், மாத்திரை டப்பாவையும் பூச்சி மருந்தையும் கை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். தூக்கம் இல்லை, வலி விடவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நரம்பு வலிக்குத் தனி மருந்து உண்டு. என் இருட்டில் பாதி அந்த வலிதான் என்பது அது குறைந்த பிறகே தெரிந்தது.

"அம்மாதான் பாத்துக்கிறாங்க. அவங்களுக்கு அறுபத்தெட்டு. அவங்களுக்கு அப்புறம்?"

இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, யாரிடமும் இருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் அம்மா நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை உண்டு. அம்மா செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். அதில் நீங்களே கற்கக் கூடியதைக் கற்றுக்கொள்ளுங்கள். மீதியில் இன்னும் இரண்டு பேரைப் பழக்குங்கள். வாரத்தில் ஒருநாளாவது அம்மா இல்லாமல் அந்த இரண்டு பேரோடு சமாளித்துப் பாருங்கள். அந்த நாள் அம்மாவுக்கு ஓய்வு நாளாகவும் இருக்கும். ஆய்க்குடி, வேலூர் போன்ற இடங்களில் தங்கிப் பயிற்சி எடுக்கலாம். திருவண்ணாமலையில், தமிழ்நாடு இளையோர் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்து பதினெட்டு வயதில் கழுத்தில் அடிபட்ட ப்ரீத்தி சீனிவாசன் தொடங்கிய சோல்ஃப்ரீ அமைப்பும் தண்டுவடக் காயம் பட்டவர்களுக்காகவே வேலை செய்கிறது.

"எங்க தெருவுல ஒரு பையனுக்கு அடிபட்டிருச்சு. பாக்கப் போறேன், என்ன பேசணும்?"

முதலில் உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் அவன் உங்கள் மூக்கைத்தான் பார்ப்பான். "எப்படி ஆச்சு?" என்று கேட்காதீர்கள், அன்று காலையிலிருந்து பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பான். நடப்பான், நடக்கமாட்டான் என்ற பேச்சு வேண்டாம். அவன் விளையாடுகிற டீம், படிக்கிற பாடம், ஊர்ச் செய்தி பேசுங்கள். அவன் அம்மாவை, "நான் ரெண்டு மணி நேரம் இருக்கேன், நீங்க தூங்குங்க" என்று அனுப்புங்கள். நேரம் வரும்போது அவனைத் திருப்பிப் படுக்க வைக்க எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். கிளம்பும்போது மறுபடி எந்த நாள் வருவீர்கள் என்று சொல்லுங்கள். அந்த நாளில் போங்கள்.